குயவனும் புற்றும்: புதிய ஜீன் எங்கிருந்து வருகிறது?

பரிணாமத்தை மறுத்துப் பேசுகிறவர்கள் இப்போதெல்லாம் குரங்கை விட்டுவிட்டார்கள். ஜீனைப் பிடித்துக்கொண்டார்கள். "இருக்கிற உயிர் கொஞ்சம் மாறலாம். நிறம் கருக்கலாம், அலகு நீளலாம், அதெல்லாம் ஒத்துக்கறோம். ஆனா இதுவரைக்கும் இல்லாத ஒரு புது ஜீன் தானா எப்படி வரும்? யாராவது எழுதினாத்தானே வரும்?" தமிழில் சுற்றும் காணொளிகளிலும் வாட்ஸ்அப் பதிவுகளிலும் இந்தக் கேள்வி பல வடிவங்களில் வருகிறது. இதன் மூலம் அமெரிக்காவில் இருக்கிறது. அங்கே இதற்கு 'அறிவார்ந்த வடிவமைப்பு' என்று பெயர். ஸ்டீபன் மேயர், மைக்கேல் பீஹி ஆகிய இருவரும்தான் இதை அதிகம் எழுதிப் பரப்பியவர்கள்.

இவர்களின் வாதத்தைக் கேலி செய்து ஒதுக்குவது சுலபம். அப்படிச் செய்ய எனக்கு விருப்பமில்லை. வாதத்தை அதன் பலமான வடிவத்தில் எடுத்து, அது எங்கே நிற்கிறது, எங்கே சரிகிறது என்று பார்ப்போம். புதுச்சேரியில் இந்த வாதம் போட்டுக்கொள்ளும் உள்ளூர் வேஷம் ஒன்று உண்டு. அதையும் பேச வேண்டும். முத்தியால்பேட்டையில் அரசுப் பள்ளிக்குப் போகும் ஒரு பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு இதில் என்ன நஷ்டம் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

கேள்வி நியாயமானது

முதலில் அடிப்படை. ஜீன் என்பது டி.என்.ஏ. இழையில் ஒரு பகுதி. அதில் நான்கே எழுத்துகள். செல் அவற்றை மூன்று மூன்றாக வாசித்து, அமினோ அமிலங்களைக் கோத்து, ஒரு புரதம் செய்கிறது. குடலில் வாழும் ஈ. கோலை பாக்டீரியாவுக்குச் சுமார் 4,000 ஜீன்களுக்குமேல் உண்டு. மனிதனுக்குப் புரதம் செய்யும் ஜீன்கள் ஏறத்தாழ 20,000. எல்லா உயிர்களும் ஒரே மூதாதையிலிருந்து வந்தவை என்றால், நடுவில் எங்கோ புதிய ஜீன்கள் வந்திருக்க வேண்டும். எப்படி வந்தன? இது எதிரிகள் கிளப்பிய கேள்வி இல்லை, உயிரியலாளர்களே தங்களைக் கேட்டுக்கொண்ட கேள்வி.

பிற்காலத்தில் இந்தியக் குடியுரிமை பெற்று புவனேஸ்வரில் 1964-இல் இறந்த ஜே.பி.எஸ். ஹால்டேன், 1930-களிலேயே ஒரு குறிப்புக் கொடுத்தார்: ஒரு ஜீனுக்கு இரண்டு பிரதிகள் இருந்தால், ஒன்று பழைய வேலையைப் பார்த்துக்கொள்ளும், மற்றொன்று மாறினாலும் உயிருக்கு ஆபத்து வராது. 1970-இல் சுசுமு ஓனோ இந்த எண்ணத்தை ஒரு முழுப் புத்தகமாக விரித்தார். செல் பிரியும்போது டி.என்.ஏ.வைப் பிரதி எடுக்கையில் ஒரு துண்டு தவறுதலாக இரண்டு முறை பதிவாகிவிடும். இது அடிக்கடி நடக்கிற சங்கதி. புதுசுக்கு அதுதான் மூலப்பொருள் என்றார் ஓனோ.

இதற்குச் சாட்சி நம் கண்ணிலேயே இருக்கிறது. சிவப்பையும் பச்சையையும் பிரித்துக் காட்டும் இரண்டு நிறமிகளின் ஜீன்கள் எக்ஸ் குரோமோசோமில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கின்றன. இரண்டும் ஏறக்குறைய ஒன்றேதான். சில இடங்களில் மட்டும் வித்தியாசம். ஒரே ஜீன் இரட்டித்துப் பிறகு கொஞ்சம் விலகியதால் வந்த ஜோடி இது. அவை இவ்வளவு ஒத்திருப்பதால்தான் பிரதி எடுக்கும்போது குழம்பிப்போய், சில ஆண்களுக்குப் பழுத்த மிளகாயும் பச்சை மிளகாயும் நிறத்தில் பிரித்தறியாமல் போகிறது. நிறக்குருடும் நிறப்பார்வையும் ஒரே இரட்டிப்பின் இரண்டு விளைவுகள்.

ஜெராக்ஸ் வாதம்

மேயர் 2013-இல் வெளியிட்ட 'டார்வினின் ஐயம்' என்ற நூலில் இதற்கு எழுப்பும் மறுப்பு எளிமையானது. ஒரு புத்தகத்தை ஜெராக்ஸ் எடுத்தால் கையில் இரண்டு புத்தகம் இருக்கும், புதுத் தகவல் ஒன்றும் வராது. ஜெராக்ஸ் பிரதியில் எழுத்துப்பிழைகளைச் சேர்த்துக்கொண்டே போனால் அது குப்பையாகுமே தவிர இன்னொரு புத்தகமாகாது. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. உவமையைக் கொஞ்சம் தட்டிப் பார்ப்போம். அதற்கு முத்தியால்பேட்டை வாசிகளுக்கு நன்கு பழக்கமான ஓர் ஆளைக் கூப்பிடுகிறேன்: கொசு.

நம் வாய்க்கால்களில் தேங்கும் அழுக்குத் தண்ணீரில் வளர்வது கியூலெக்ஸ் குவின்குஃபேசியேட்டஸ் என்ற இனம். யானைக்கால் நோயைப் பரப்புவது இதுதான். இந்திரா நகரில் இருக்கும் நோய்க்கடத்திக் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம் 1975-இல் இங்கே வந்ததற்கும், 1981 முதல் 1985 வரை புதுச்சேரி நகரத்தில் யானைக்கால் கொசுவுக்கு எதிராக ஒரு பெரிய ஒருங்கிணைந்த திட்டத்தை நடத்தியதற்கும் இந்தக் கொசுதான் காரணம்.

இதே இனத்தைக் கலிஃபோர்னியாவில் ஆர்கனோபாஸ்பேட் மருந்து அடித்து ஒழிக்கப் பார்த்தார்கள். சில கொசுக்கள் சாகவில்லை. ஏன் என்று தேடிய ஒரு குழு 1986-இல் காரணத்தை வெளியிட்டது. மருந்தைப் பிடித்துக் கட்டிப்போடும் எஸ்டரேஸ் என்ற நொதியின் ஜீன், அந்தக் கொசுக்களில் குறைந்தது 250 மடங்கு பெருகியிருந்தது. வெறும் ஜெராக்ஸ்தான், ஒரு எழுத்துகூடப் புதுசு வேண்டியதில்லை. ஆனால் 250 பிரதி இருக்கிற கொசு பிழைக்கிறது, ஒரே பிரதி இருக்கிற கொசு சாகிறது. புத்தகத்துக்கும் ஜீனுக்கும் உள்ள முதல் வித்தியாசம் இங்கே தெரிகிறது. புத்தகத்தை எத்தனை பிரதி எடுத்தாலும் கதை அதேதான். ஜீனை எத்தனை பிரதி எடுக்கிறோம் என்பதைப் பொறுத்து உடம்பில் நடப்பதே மாறுகிறது.

"சரி, அது அளவு கூடினது. புதுசு எங்கே?" என்று மேயர் பக்கம் கேட்கலாம். கேட்கட்டும். அடுத்த படி பிரான்சில், மோன்பெலியே நகரைச் சுற்றிய கடற்கரையில் நடந்தது. நம்மூர்க் கொசுவின் நெருங்கிய உறவான கியூலெக்ஸ் பிப்பியன்ஸ் அங்கே இருக்கிறது. 1960-களின் கடைசியிலிருந்து அங்கே ஆர்கனோபாஸ்பேட் மருந்து தெளித்துவந்தார்கள். இந்த மருந்து, கொசுவின் நரம்புகளில் ஒரு செய்தி முடிந்ததும் அதை நிறுத்துகிற நொதியை முடக்கிவிடும். கொசு துடித்துச் சாகும். அந்த நொதியில் 119-வது இடத்தில் கிளைசினுக்குப் பதில் செரின் வந்துவிட்டால் மருந்து பலிக்காது. ஆனால் அந்த மாற்றம் நொதியின் வேகத்தையும் குறைத்துவிடும். மருந்து இல்லாத காலத்தில் அந்தக் கொசு மற்றவற்றோடு போட்டியிட முடியாமல் தவிக்கும்.

1990-களில் அங்கே வேறு வகைக் கொசுக்கள் பரவுவதை ஆய்வாளர்கள் கவனித்தார்கள். ஒரே குரோமோசோமில் ஜீன் இரண்டாகியிருந்தது. ஒரு பிரதி பழையது, வேகமானது. மற்றது மாறியது, மருந்துக்கு மசியாதது. ஹால்டேன் காகிதத்தில் எழுதியது சாக்கடைத் தண்ணீரில் நடந்துகொண்டிருந்தது. எல்லாம் சுபம் என்று சொல்ல மாட்டேன். இப்படி இரட்டித்தவற்றில் சிலவற்றுக்கு வேறு பாதிப்புகள் உண்டு. ஆனால் "பிரதி எடுத்து அதில் பிழை சேர்த்தால் குப்பைதான் வரும்" என்ற வாக்கியம் இங்கேயே அடிபட்டுப்போகிறது.

மூன்றாவது படி, முற்றிலும் வேறு வேலை செய்யும் ஜீன். 2012-இல் சுவீடனில் டான் ஆண்டர்சனின் குழு சால்மொனெல்லா பாக்டீரியாவில் ஒரு சோதனையை வெளியிட்டது. ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலத்தைச் செய்ய உதவும் ஒரு ஜீன் இருக்கிறது. டிரிப்டோஃபான் செய்ய உதவும் வேறொரு ஜீனை அவர்கள் நீக்கிவிட்டார்கள். முதல் ஜீனில் தற்செயலாகத் தோன்றிய மாறுபாடுகளைத் தேடி, பழைய வேலையோடு இந்தப் புது வேலையையும் ஏதோ கொஞ்சம் செய்கிற ஒன்றை எடுத்தார்கள். பிறகு இரண்டு அமிலமும் இல்லாத உணவில் வளரவிட்டார்கள். அரைகுறையாக இரண்டு வேலை பார்க்கும் ஜீன் முதலில் பல பிரதிகளாகப் பெருகியது. 3,000 தலைமுறைக்குள் பிரதிகள் வேறுபட்டன. சில பழைய வேலையில் மட்டும் தேர்ந்தன. சில புது வேலையில் மட்டும் தேர்ந்தன. சில இரண்டையும் முன்பைவிட நன்றாகச் செய்தன.

மேயரின் உவமை தவறும் இடம் இதுதான். அவர் கதையில் பிரதி முதலில் வருகிறது. பிறகு அது ஒரு வேலையும் இல்லாமல், கண் கட்டிய நிலையில், புது வேலையைத் தேடி அலைகிறது. சோதனையில் நடந்தது தலைகீழ். புது வேலையின் ஒரு துளி முதலிலேயே பழைய ஜீனில் பக்க வேலையாக இருந்தது. அதை அதிகமாக்கத்தான் பிரதி பெருகியது. ஒவ்வொரு கட்டத்திலும் அந்த ஜீனுக்குச் சம்பளம் கிடைத்துக்கொண்டிருந்தது.

"சோதனை நடத்தியவர்கள் புத்திசாலிகள்தானே, அப்போ வடிவமைப்புதானே?" என்று ஒரு பதில் தயாராக இருக்கும். அவர்கள் செய்தது, ஒரு ஜீனை எடுத்துவிட்டு, ஒரு தொடக்கத்தைப் பொறுக்கி, இரண்டு சத்துகளைக் கொடுக்காமல் பட்டினி போட்டது. பிரதிகளில் எந்த எழுத்து மாற வேண்டும் என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. பட்டினி போட இயற்கைக்கு ஆய்வகம் தேவையில்லை.

77 பூஜ்ஜியம்

அடுத்த வாதம் எண்களால் ஆனது. டக்ளஸ் ஆக்ஸ் 2004-இல் ஒரு கணக்கு வெளியிட்டார்: ஒரு குறிப்பிட்ட வகைப் புரதம் எழுத்துகளைக் குலுக்கிப் போட்டதில் அமைவதற்கு வாய்ப்பு, 1-க்குப் பின்னால் 77 பூஜ்ஜியம் போட்ட எண்ணில் ஒன்று. மேயர் இதை மிகவும் நம்பியிருக்கிறார். இந்த எண்ணைத் தனியாகக் காட்டினால் யாருக்கும் தலை சுற்றும்.

ஆனால் பக்கத்திலேயே வைக்க வேண்டிய இன்னொரு எண் இருக்கிறது. 2001-இல் ஆந்தணி கீஃபும் ஜாக் ஷோஸ்டாக்கும் 80 அமினோ அமிலங்களைத் தாறுமாறாகக் கோத்த சுமார் 6 லட்சம் கோடி புரதங்களைச் செய்து, செல்லின் எரிபொருளான ஏ.டி.பி.யைப் பிடித்துக்கொள்பவை ஏதும் உண்டா என்று சலித்தார்கள். ஒன்றோடொன்று தொடர்பில்லாத நான்கு கிடைத்தன. ஏறத்தாழ 10,000 கோடியில் ஒன்று என்பது அவர்கள் மதிப்பீடு. ஒரு வாளி சாக்கடைத் தண்ணீரில் இருக்கும் பாக்டீரியாக்களை எண்ணினால் இது அவ்வளவு பயங்கரமான எண்ணாகத் தெரியாது.

இரண்டு சோதனையும் அளந்தது ஒன்றையே அல்ல. ஷோஸ்டாக் குழு பார்த்தது ஒன்றைப் பிடித்துக்கொள்ளும் எளிய வேலையை. ஆக்ஸ் அளந்தது, ஒரு குறிப்பிட்ட வடிவம் கொண்ட, ஒரு குறிப்பிட்ட வேதிவினை செய்யும் நொதியை; அதுவும் ஏற்கெனவே பலவீனமாக்கப்பட்ட ஒரு வகையிலிருந்து தொடங்கி. எனவே எந்த எண்ணையும் 'புரதம் தோன்றும் வாய்ப்பு' என்று பொதுவாகச் சொல்ல முடியாது. மேயர் செய்வது அதைத்தான். அதோடு, கொசுவிலும் சால்மொனெல்லாவிலும் பார்த்தபடி, புது ஜீன்களில் பெரும்பாலானவை வெறுங்கையிலிருந்து தொடங்குவதில்லை. வீட்டில் ஏற்கெனவே இருக்கும் மாவில் பணியாரம் சுடுகிறவரிடம், நெல் விதைப்பதிலிருந்து ஆகும் செலவைக் கணக்குப் போட்டுக் காட்டுவது போல இருக்கிறது இந்த வாதம்.

உடைப்பது மட்டும்தானா?

பீஹி வேறு ரகம். தமிழில் அவரை மேற்கோள் காட்டுகிறவர்கள் பலர் கவனிக்காத ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உயிர்களுக்குப் பொது மூதாதை உண்டு என்பதை பீஹி ஏற்கிறார், மனிதனுக்கும் குரங்குக்கும் சேர்த்தே. "நாம குரங்குல இருந்து வரலை" என்று சொல்ல அவரைச் சாட்சிக்கு அழைக்க முடியாது.

அவர் 2019-இல் எழுதிய நூலின் வாதம்: இயற்கைத் தேர்வு ஜீன்களை உடைத்துத்தான் பிழைக்க வழி தேடுகிறது, கட்டுவதில்லை. இதில் பாதி உண்மை இருக்கிறது. அதற்கும் கொசுவே சாட்சி. பேசில்லஸ் ஸ்பேரிக்கஸ் என்ற பாக்டீரியாவின் நச்சைக் கொசுப்புழுவைக் கொல்லப் பயன்படுத்துகிறார்கள். கொச்சியில் அதை அடித்த இடங்களில் கியூலெக்ஸ் கொசுக்கள் கடும் எதிர்ப்பை வளர்த்துக்கொண்டதாக 1995-இல் அறிக்கை வந்தது. கலிஃபோர்னியாவிலும் பிரேசிலிலும் இப்படி எதிர்ப்புப் பெற்ற கொசுக்களின் ஜீனைப் பார்த்தபோது, நச்சு வந்து ஒட்டும் புரதத்தின் ஜீன் பழுதாகியிருந்தது. கதவே இல்லாவிட்டால் திருடன் தட்ட முடியாது. நல்ல உடைப்பு.

உடைப்பது வேகமான வழி, அதனால் அதிகம் கண்ணில் படுகிறது. அதிலிருந்து 'உடைப்பது மட்டுமே' என்ற முடிவுக்குத் தாவ முடியாது. அன்டார்டிகா கடலின் மீன்களைப் பாருங்கள். இரத்தம் உறையாமல் காக்கும் ஒரு புரதம் அவற்றில் இருக்கிறது. உணவைச் செரிக்க உதவும் டிரிப்சினோஜன் ஜீனின் துண்டுகளிலிருந்து அந்தப் புரதத்தின் ஜீன் உருவானதை 1997-இல் காட்டினார்கள். இரண்டு முனைகளிலும் பழைய ஜீனின் அடையாளம் இன்னும் இருக்கிறது. நடுவில் ஒன்பது எழுத்துகள் கொண்ட சிறு துண்டு ஒன்று திரும்பத் திரும்பப் பெருகிப் புதுப் புரதத்தைத் தருகிறது. வட துருவப் பக்கத்துக் காட் மீன்களிலும் ஏறக்குறைய அதே புரதம் உண்டு. ஆனால் அவற்றின் ஜீன், புரதம் எதுவும் செய்யாத வெறும் டி.என்.ஏ.விலிருந்து வந்தது என்று 2019-இல் விரிவாகக் காட்டப்பட்டது. ஒரே தேவை, பூமியின் இரு முனைகள், இரண்டு வேறு வழிகள். ஒரே வடிவமைப்பாளர் ஒரே வரைபடத்தை வைத்துச் செய்திருந்தால் இப்படி இருக்கும் என்று எதிர்பார்க்க மாட்டோம். கைக்குக் கிடைத்ததை வைத்து ஒப்பேத்தியிருந்தால் இப்படித்தான் இருக்கும்.

அறிவியல் எழுத்தாளர்கள் கவனிக்க

ஒப்பேத்துவது என்ற சொல்லை வேண்டுமென்றே போட்டேன். பிரெஞ்சு உயிரியலாளர் பிரான்சுவா ஜாக்கோப் 1977-இல் பரிணாமத்தை இன்ஜினீயர் வேலையோடு ஒப்பிடாமல், கிடைத்த சாமானை வைத்து ஒப்பேத்துகிற 'பிரிக்கோலாஜ்' வேலையோடு ஒப்பிட்டார். புதுச்சேரியில் அந்தச் சொல்லுக்கு விளக்கமே வேண்டாம். ஆனால் அதே கட்டுரையில் அவர், வெறும் எழுத்துக் குவியலிலிருந்து வேலை செய்யும் புரதம் தோன்றும் வாய்ப்பு ஏறக்குறைய பூஜ்ஜியம் என்றும் எழுதினார். காட் மீன் அதைப் பொய்யாக்கிவிட்டது. நோபல் பரிசு பெற்றவர் சொன்னது தவறு என்று தெரிந்ததும் துறை அதை ஏற்றுக்கொண்டு நகர்ந்தது.

நாம் எழுதும்போது இன்னொரு பழக்கத்தை விட வேண்டும். நைலான் தின்னும் பாக்டீரியா கதை தமிழில் அடிக்கடி வருகிறது. ஜப்பானில் நைலான் ஆலைக் கழிவில் 1970-களில் கண்டுபிடிக்கப்பட்டது. எழுத்துகளை வாசிக்கும் வரிசை ஒரு இடம் நகர்ந்ததால் முழுக்க முழுக்கப் புதிய புரதம் ஒரே அடியில் பிறந்தது என்று ஓனோ 1984-இல் ஊகித்தார். கவர்ச்சியான கதை. ஆனால் 2005-இல் அந்த நொதியின் வடிவத்தைப் பார்த்தபோது, அது ஏற்கெனவே தெரிந்த ஒரு நொதிக் குடும்பத்தின் உறுப்பினர் என்றும், சில அமினோ அமிலங்கள் மாறியதாலேயே நைலான் துண்டுகளைக் கையாளும் திறன் வந்தது என்றும் தெரிந்தது. ஓனோவின் ஊகத்தை இன்னும் நிரூபணம் போல எழுதுகிறவர்கள், எதிர்த்தரப்புக்குச் சுலபமான ஒரு வெற்றியைத் தூக்கிக் கொடுக்கிறார்கள். உண்மையில் நடந்ததே போதுமான அளவு சுவாரஸ்யமானது.

குடம், குயவன், புற்று

இனி உள்ளூர் வேஷத்துக்கு வருகிறேன். அமெரிக்காவில் இந்த வாதம் பைபிளின் நிழலில் வளர்ந்தது. 2005-இல் பென்சில்வேனியாவின் டோவர் பள்ளி வழக்கில் நீதிபதி ஜான் ஜோன்ஸ், இது அறிவியல் இல்லை, மதக் கருத்தின் மறுவடிவம் என்று தீர்ப்பளித்தார். புதிய மரபணுத் தகவல் உருவாவதைக் காட்டும் மூன்று டஜனுக்கு மேற்பட்ட ஆய்வுக் கட்டுரைகள் இருப்பதையும் அந்தத் தீர்ப்பு குறிப்பிட்டது.

நம் ஊரில் யாரும் பூமிக்கு 6,000 வயது என்று சொல்வதில்லை. இங்கே வாதம் குயவன் வழியாக வருகிறது. சைவ சித்தாந்தத்தில் பழக்கப்பட்டவர்களுக்கு இது மனப்பாடம்: குடத்துக்கு மண் முதற்காரணம், சக்கரம் துணைக்காரணம், குயவன் நிமித்தகாரணம். உலகம் ஒரு காரியம் என்றால் அதற்கும் ஒரு நிமித்தகாரணன் வேண்டும். இந்த வடிவத்தை எடுத்து, குடத்தின் இடத்தில் ஜீனை வைத்துவிட்டால் 'அறிவார்ந்த வடிவமைப்பு' தமிழில் தயார்.

இதற்கான மறுப்பும் நம் நாட்டிலேயே பழசு. ஏழாம் நூற்றாண்டின் பௌத்தத் தர்க்கவாதி தர்மகீர்த்தி தன் பிரமாணவார்த்திகத்தில் ஒரு சின்ன உதாரணம் வைக்கிறார். குடம் மண்ணால் ஆன ஒரு வடிவம், அதைக் குயவன் செய்தான். கரையான் புற்றும் மண்ணால் ஆன ஒரு வடிவம்தான். அதையும் குயவன் செய்தான் என்பீர்களா? வடிவம் இருப்பதிலிருந்து குயவனை ஊகிக்க முடியாது. எந்த மாதிரி வடிவத்தைக் குயவன் செய்யக் கண்டிருக்கிறோமோ, அந்த மாதிரி வடிவத்திலிருந்துதான் ஊகிக்கலாம்.

ஜீன் விவகாரத்தில் இது அப்படியே பொருந்துகிறது. ஒரு ஜீனை யாரோ உட்கார்ந்து எழுதியதை இயற்கையில் ஒருவரும் பார்த்ததில்லை. ஜீன் பிரதியாகி, மாறி, புது வேலைக்குப் போவதைக் கலிஃபோர்னியாவிலும் மோன்பெலியேவிலும் சுவீடனிலும் பார்த்தாகிவிட்டது. அதாவது நம் கையில் இருப்பது புற்று.

இதனால் சித்தாந்தம் தோற்றுவிட்டது என்று நான் சொல்லவில்லை. அங்கே இறைவன் எல்லாவற்றுக்கும், மாயை தொழிற்படுவதற்கே, நிமித்தம். அறிவியல் விளக்கிய பகுதி, விளக்காத பகுதி என்று அவருக்குப் பாகப்பிரிவினை கிடையாது. மேயரின் வடிவமைப்பாளரோ, ஆய்வாளர்களுக்கு விடை தெரியாத இடத்தில் மட்டும் வந்து ஸ்பேனர் பிடிக்கும் மெக்கானிக். ஒவ்வொரு ஆய்வுக் கட்டுரையும் அவருடைய வேலையில் ஒன்றைக் குறைக்கிறது. பக்தியுள்ளவர்கள் இந்தப் பேரத்துக்கு ஏன் ஒத்துக்கொள்கிறார்கள் என்பதுதான் எனக்குப் புரியாதது.

அரவிந்தரை இழுக்க வேண்டாம்

புதுச்சேரிக்கே உரிய இன்னொரு வடிவம் உண்டு: "இதைத்தான் அரவிந்தர் அப்பவே சொன்னார். பேரறிவு ஜடத்துக்குள்ள முன்னாடியே மறைஞ்சிருக்கு, அதுதான் படிப்படியா வெளிப்படுது. டார்வின் பாதிதான் சொன்னார்." ஆசிரமத்திலிருந்து நடந்தே முத்தியால்பேட்டைக்கு வந்துவிடலாம். அதனால் இந்த வாக்கியமும் இங்கே சுலபமாக நடந்து வந்துவிடுகிறது.

அரவிந்தர் 1910-இல் புதுச்சேரிக்கு வந்தார். 1914 முதல் 'ஆர்யா' இதழில் 'தெய்வீக வாழ்க்கை' நூலைத் தொடராக எழுதி, பிறகு திருத்தி, 1939-40-இல் நூலாக்கினார். 1950-இல் மறைந்தார். டி.என்.ஏ.வின் இரட்டைச் சுருள் வடிவம் வெளியானது 1953-இல். எனவே ஜீன் எப்படி உருவாகிறது என்ற கேள்விக்கு அவரிடம் விடை தேடுவது அவருக்குச் செய்யும் மரியாதை ஆகாது.

அதைவிட முக்கியம், அவரே இந்தக் கலப்பைத் தவிர்த்திருக்கிறார். மனிதனையும் பரிணாமத்தையும் பற்றிய அத்தியாயத்தில், ஆன்மிகப் பரிணாமக் கோட்பாடு வேறு, உடல் வடிவங்களின் பரிணாமம் பற்றிய அறிவியல் கோட்பாடு வேறு என்று பிரிக்கிறார். முன்னது தன் சொந்தக் காலில் நிற்க வேண்டும். அறிவியலின் துணையை ஏற்கலாம், ஆனால் அந்தத் துணை இல்லாமல் முடியாது என்பதில்லை என்பது அவர் நிலை. பேரறிவின் வெளிப்பாடு பற்றிய அவர் தரிசனத்தை ஒருவர் ஏற்கலாம், மறுக்கலாம். கொசுவின் எஸ்டரேஸ் ஜீன் அதற்குச் சாதகமாகவும் சாட்சி சொல்லாது, பாதகமாகவும் சொல்லாது. அதே மாதிரி அவருடைய தரிசனமும் மேயருக்குச் சாட்சி சொல்லாது.

பத்தாம் வகுப்பு

இதெல்லாம் வெறும் திண்ணைப் பேச்சாக இருந்தால் இவ்வளவு நீளமாக எழுத வேண்டியதில்லை. 2018 ஜனவரியில், அப்போது மத்திய மனிதவள இணை அமைச்சராக இருந்த சத்யபால் சிங், டார்வின் கோட்பாடு அறிவியல்பூர்வமாகத் தவறு, குரங்கு மனிதனாக மாறியதை நம் முன்னோர் யாரும் பார்க்கவில்லை, பாடத்திட்டத்தில் அது மாற வேண்டும் என்றார். நாட்டின் மூன்று அறிவியல் கழகங்களும் சேர்ந்து மறுப்பு வெளியிட்டன. 2023-இல் என்.சி.இ.ஆர்.டி. பாடச்சுமையைக் குறைப்பதாகச் சொல்லி அச்சிட்ட பத்தாம் வகுப்பு அறிவியல் நூலில், 'பாரம்பரியமும் பரிணாமமும்' என்ற பாடம் 'பாரம்பரியம்' மட்டுமாக நின்றது. 1,800-க்கும் மேற்பட்ட விஞ்ஞானிகளும் ஆசிரியர்களும் எதிர்த்துக் கடிதம் எழுதினார்கள். பன்னிரண்டாம் வகுப்பு உயிரியலில் பரிணாமம் இருக்கிறதே என்பது பதில். பத்தாம் வகுப்புக்குப் பிறகு உயிரியல் எடுக்காத பிள்ளைகள் அந்தப் பாடத்தை என்றைக்கும் பார்க்கப்போவதில்லை.

புதுச்சேரிக்கு இது இரட்டை அடி. இங்கே அரசுப் பள்ளிகள் முன்பு தமிழ்நாட்டுப் பாடநூலைப் பின்பற்றின. அதன் பத்தாம் வகுப்பு அறிவியலில் உயிரின் தோற்றமும் பரிணாமமும் தனி அலகாகவே இருக்கிறது. 2023-24 கல்வியாண்டு தொடங்கிப் படிப்படியாக சி.பி.எஸ்.இ.க்கு மாறினோம். மாறுவது நல்லதா கெட்டதா என்பது வேறு விவாதம். ஆனால் மாறிய அதே காலத்தில் அந்தப் பாடம் அங்கிருந்து காணாமல் போனது. கோட்டக்குப்பத்தில், எல்லையைத் தாண்டி ஒரு கிலோமீட்டரில் இருக்கும் தமிழ்நாட்டு அரசுப் பள்ளிப் பிள்ளை படிப்பதை முத்தியால்பேட்டைப் பிள்ளை படிப்பதில்லை.

பாடம் போன இடம் காலியாக இருக்காது. "ஜெராக்ஸ் எடுத்தா புதுப் புத்தகம் வருமா?" என்ற காணொளி அங்கே வந்து உட்காரும். அதற்கு என்ன பதில் என்று தெரியாத பிள்ளை, அதுவே முடிவான வாதம் என்று நினைத்துக்கொள்ளும். மேயரையும் பீஹியையும் பிள்ளைகளிடமிருந்து ஒளித்து வைக்க வேண்டியதில்லை. வகுப்பில் வைத்தே பேசலாம். ஆனால் அதற்கு முன்னால் ஜீன் எப்படிப் பிரதியாகிறது, மாறுகிறது என்று அவர்களுக்குச் சொல்லியிருக்க வேண்டும். பாடநூலில் இல்லாவிட்டாலும் இதைச் சொல்ல ஓர் ஆசிரியருக்கு இரண்டு வகுப்பு போதும். பாரம்பரியம் பாடம் இன்னும் இருக்கிறது, நிறக்குருடை விளக்கும்போது அந்த இரண்டு நிறமி ஜீன்களின் கதையைச் சொல்லலாம். அடுத்த வகுப்புக்குக் கொசு இருக்கிறது. பள்ளிக்கு வெளியே வாய்க்காலில் ஒரு டம்ளர் தண்ணீர் மொண்டு வந்தால் புழுவைக் காட்டியே தொடங்கலாம்.